காளத்தி வேடனைக் காண்பது எப்போது?

நம் விடுதியில் எழும் சொற்போர்கள் பெரும்பாலும் உணவுக்கூடத்தில் தொடங்கிக் கை கழுவும் இடத்தில் முடிந்துவிடும். ஒன்று மட்டும் அவ்வாறு முடியவில்லை. கண்ணப்பன் யாருடையவன் என்பதே அது. என் அறைத் தோழர் நெல்லூரைச் சேர்ந்த தெலுங்கர். "தின்னடு மா வாடு" என்பார். "திண்ணன் எங்களவன்; சேக்கிழாரைக் கேளுங்கள்" என்பேன் நான். உடனே அவர் தூர்ஜடியைத் துணைக்கு அழைப்பார். இருவரும் இலக்கிய மாணவர் அல்லர். அவர் பயில்வது இயற்பியல். நான் பயில்வது வேதியியல். ஆகவே இருவருக்கும் தெரிந்தது கொஞ்சம். குரல் மட்டும் பெரிது.

இச்சொற்போருக்குத் தீர்ப்பளிக்க ஒரு திரைப்படம் வரப்போகிறது என்று இருவரும் ஆவலுடன் காத்திருந்தோம். 2025ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் 'கண்ணப்பா' வெளியாயிற்று. முகேஷ் குமார் சிங் இயக்க, விஷ்ணு மஞ்சு திண்ணனாக நடித்த படம். மோகன்லால், பிரபாஸ், அக்சய் குமார் எனப் பல மொழிகளின் பெரிய நடிகர்களும் அதில் தோன்றினர். திருப்பதிக் கொட்டகை ஒன்றில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். உழைப்புக் குறைவென்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் அப்படத்தின் பெரும்பகுதி நியூசிலாந்து நாட்டில் எடுக்கப்பட்டது. நாங்கள் அமர்ந்திருந்த இருக்கையிலிருந்து காளத்தி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்து ஏறினால் ஒரு மணி நேரம். எங்கள் கண்ணப்பனோ கடல் கடந்த நாட்டின் பசும்புல் வெளியில் ஓடிக்கொண்டிருந்தான்!

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் தோழர் சொன்னார்: "இவன் உங்களவனும் இல்லை, எங்களவனும் இல்லை." அன்றுதான் முதன்முறையாக இருவரும் ஒத்துப்போனோம்.

அந்த ஒற்றுமையிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. நான் இன்னொரு கண்ணப்பன் படத்துக்காகக் காத்திருக்கிறேன். சிறிய படம். 'கலைப்படம்' என்று சிலர் பெயரிட்டு ஒதுக்கி வைக்கிறார்களே, அவ்வகைப் படம். அது ஏன் வேண்டும், எப்படி இருத்தல் வேண்டும், அதற்காகக் காத்திருப்பது மட்டும் போதுமா என்பவற்றை நண்பர்களோடு பேச விழைகிறேன்.

முதலில் கதையை நினைவுகூர்வோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் உள்ள வரலாறு இது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்தவன் திண்ணன். நாணன், காடன் என்னும் இருவரோடு பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைப்பக்கம் வருகிறான். பொன்முகலி ஆற்றைக் கடந்து மலை ஏறுகிறான். அங்கே துணையின்றித் தனித்திருக்கும் இறைவனைக் கண்டதும், இவருக்குச் சோறு கொடுப்பார் யார், இரவில் காவல் நிற்பார் யார் என்று அவன் உள்ளம் துடிக்கிறது. இறைச்சியைச் சுட்டு, வாயில் இட்டுச் சுவை பார்த்து, நல்லதைத் தேர்ந்து எடுக்கிறான். இரு கைகளும் நிறைந்துவிட்டதால் நீரை வாயிலும் பூவைத் தலைமுடியிலும் சுமந்து வருகிறான். பழைய பூவைச் செருப்புக் காலால் தள்ளுகிறான். இரவெல்லாம் வில்லேந்திக் கண்விழித்து நிற்கிறான்.

விடிந்தால் சிவகோசரியார் வருகிறார். ஆகம முறை வழுவாத அருச்சகர். எலும்பையும் இறைச்சியையும் கண்டு நடுங்குகிறார். தூய்மை செய்து தம் முறைப்படி பூசை முடித்துப் போகிறார். மறுநாளும் அதே காட்சி. இப்படி ஐந்து நாள். "யார் இந்தக் கொடுமையைச் செய்கிறார்கள்?" என்று அவர் வருந்தும்போது, இறைவன் கனவில் தோன்றி, நாளை எனக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார் என்கிறார். ஆறாம் நாள் அவர் ஒளிந்திருந்து பார்க்கிறார். இறைவனின் வலக்கண்ணில் குருதி வழிகிறது. திண்ணன் பதறுகிறான், பகைவனைத் தேடுகிறான், பச்சிலை பிழிகிறான். எதுவும் பயன்படாதபோது, தசைக்குத் தசையே மருந்து என்னும் வேடர் வழக்கு நினைவுக்கு வருகிறது. தன் கண்ணை அம்பினால் பெயர்த்து அப்புகிறான். குருதி நிற்கிறது. இப்போது இடக்கண்ணில் குருதி. இரண்டாம் கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, தன் காலை அங்கே அடையாளமாக ஊன்றிக்கொண்டு மீண்டும் அம்பை எடுக்கிறான். அப்போதுதான் இறைவன் கை பற்றித் தடுக்கிறார்.

என் தாயார் இக்கதையைச் சொல்லும்போது கண்ணைப் பெயர்க்கும் இடத்தை விரைவாகக் கடந்துவிடுவார். "அந்த ஐயர் பாவம்டா, கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு எப்படித் தவிச்சிருப்பாரு?" என்பதுதான் அவர் கவலை. சிறுவயதில் எனக்கு அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

கண்ணப்பன் ஆறு நாளும் மாறவே இல்லை. முதல் நாள் எப்படி இருந்தானோ அப்படியே ஆறாம் நாளும் இருந்தான். மாறியவர் சிவகோசரியார். எவ்வாறு மாறினார்? யாரும் அவருக்கு விரிவுரை ஆற்றவில்லை. வாதிட்டு வெல்லவில்லை. ஐந்து நாளும் அவர் கண்டது எலும்பும் இறைச்சியும். ஆறாம் நாள் கண்டது, அவற்றைக் கொண்டுவந்த மனிதனை. எச்சத்தை வைத்து ஆளை முடிவு செய்தவர், ஆளையே பார்த்ததும் தம் முடிவைக் கைவிட்டார். ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தரும் முதற்பாடமும் இதுவே அன்றோ? முன்முடிவைப் புறத்தே வைத்துவிட்டுப் பார், பொறுமையாகப் பார் என்பதுதானே?

ஆகவே கண்ணப்பன் கதை, பார்த்தல் பற்றிய கதை என்பேன். திரைப்படமோ பார்ப்பதற்கென்றே பிறந்த கலை. கல்லுக்குப் பின் ஒளிந்திருக்கும் அந்த முதியவரின் இடத்தில் படப்பெட்டியை வைத்தால் போதும். பாட்டும் போரும் பறக்கும் அம்புகளும் எதற்கு? ஒருவன் நீரை வாயில் தேக்கிக்கொண்டு, ஒரு துளியும் சிந்தாமல் மலையேறி வருவதை நாம் ஐந்து நிமிடம் அமைதியாகப் பார்க்க முடிந்தால், கண்ணைப் பெயர்க்கும் காட்சியைக் காட்டவே தேவையில்லை.

இது வெறுங்கனவு என்று எண்ண வேண்டா. பழங்கதையை இப்படிச் சிறிய அளவில், அமைதியான முறையில் எடுத்தவர்கள் உண்டு. சுவீடன் நாட்டு இங்மார் பெர்க்மன் 13ஆம் நூற்றாண்டு நாட்டுப்பாடல் ஒன்றைக் கொண்டு 1960இல் 'கன்னி ஊற்று' என்னும் படத்தை எடுத்தார். அண்மையில், பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றை டேவிட் லவரி 'பச்சை வீரன்' என்ற படமாக்கினார். 2020 மே மாதத்தில் வரவேண்டியது, பெருந்தொற்றின் காரணமாக 2021 சூலையில்தான் வந்தது. நம் குசராத்தி வழிவந்த தேவ் பட்டேல் அதில் கவேன் என்னும் வீரனாக நடித்தார். கதை இதுதான்: பச்சை நிற வீரன் ஒருவன் அரசவைக்கு வந்து, என்னை வெட்டு, ஓராண்டு கழித்து அதே வெட்டை நீ வாங்கிக்கொள் என்கிறான். கவேன் வெட்டிவிடுகிறான். பிறகு ஓராண்டு முழுதும் தன் தலையை நினைத்து நடுங்குகிறான். தலையைக் கொடுக்கத் தயங்கியவன் கதையைப் பார்த்தபோது, கண்ணைக் கொடுக்கத் தயங்காதவன் கதை என் நெஞ்சில் எழுந்தது. அவர்கள் தங்கள் பழங்கதையை இத்தனை துணிவோடு எடுக்கிறார்கள். நாம் ஏன் எடுக்கக்கூடாது என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அயல்நாட்டுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. கேரளத்து அரவிந்தன் 1977இல் 'காஞ்சன சீதா' எடுத்தார். இராமாயணத்தின் பிற்பகுதிக் கதை. இராமனாகவும் இலக்குவனாகவும் யாரை நடிக்க வைத்தார் தெரியுமா? இந்த ஆந்திர மாநிலத்தின் இராம செஞ்சுப் பழங்குடியினரை. மணிமுடி இல்லை, பட்டாடை இல்லை. சீதை மனித உருவில் வருவதே இல்லை. காற்றில் அசையும் இலையும் ஓடும் நீருமே அவள். அவ்வாண்டுக்கான சிறந்த இயக்குநர் என்னும் தேசிய விருது அரவிந்தனுக்குக் கிடைத்தது. அயோத்தி மன்னனாகவே பழங்குடி மனிதர் நடிக்கலாம் என்றால், வேடனாகப் பழங்குடி மனிதர் நடிக்கக் கூடாதா? இப்பக்கத்து யானாதியர் குடியிருப்புகளில் வலையும் கண்ணியும் வைக்கத் தெரிந்த இளைஞர் பலர் உண்டு. வில்லைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற நடிகரைவிட, காட்டில் கால் வைக்கத் தெரிந்த ஒருவர் நம்மை எளிதில் நம்ப வைப்பார்.

நிற்க. நாங்கள் வேதியியல் மாணவர் சிலர், கலம்காரிச் சாயங்களைப் பற்றி அறிந்துகொள்ளக் காளத்திக்குச் சென்றிருந்தோம். பருத்தித் துணியைக் கடுக்காய் நீரிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துகிறார்கள். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்து நாட்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். அந்த நீரை மூங்கில் குச்சியால் துணிமேல் தொட்டதும், கடுக்காயின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து கறுப்பு பிறக்கிறது. கறுப்புக் கோடு முதலில், சிவப்புக்குப் படிகாரம், பிறகு மற்ற நிறங்கள். புராணக் கதைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் கதையை எழுதுகிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். இதுவும் ஒரு திரைதான். படம் அசையவில்லை, அவ்வளவே. எங்கே விவரிக்க வேண்டும், எங்கே ஒரு கோட்டோடு நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணப்பன் படத்தை எடுக்க வருபவர் முதலில் அக்கூடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

இனி, எனக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். சொல்கிறேன். என் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர். மழை பொய்த்த ஆண்டுகளில் என் தந்தையார் சித்தூருக்கு வந்து மாம்பழக் கூழ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நாங்களும் வந்தோம். ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும் தெருவில் வளர்ந்தேன். எனக்கு அங்கே அன்பு குறைந்ததில்லை.

ஆனால் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாளை மறக்க முடியாது. சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் இறந்தனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள், எங்களைத் தாக்கினார்கள் என்றது படை. மனித உரிமை இயக்கங்கள் அதை மறுத்தன. இறந்தவருள் பலர் எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தவர். மலைவாழ் மக்களும் அவர்களுள் இருந்தனர். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. என் தந்தையார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அன்று முழுதும் பேசவில்லை. அதன்பின் சில காலம், பேருந்தில் உரக்கத் தமிழ் பேச வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லி வைத்தார். சென்ற ஆண்டுகூட, சித்தூரிலிருந்து திருப்பதி வரும் வழியில், பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "ஓ, மரத்துக்கு வந்தவர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவரிடம். பிறகு வேர்க்கடலைகூடக் கொடுத்தார். ஆயினும் அந்தச் சொல் தைத்தது.

மரம் வெட்டுவது சரி என்று நான் வாதிடவில்லை. செம்மரம் இக்கிழக்குத் தொடர் மலைகளுக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயல்பாக வளராதது. அது காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் சொல்வது வேறு. காட்டில் கிடக்கும் வெட்டுத் துண்டைக் கண்டு ஒரு கூட்டத்தையே முடிவு செய்கிறோம். எந்தக் கடன், எந்தத் தரகர், எந்தப் பசி அவனை மலையேற்றியது என்று பார்ப்பதில்லை. சிவகோசரியாரின் முதல் ஐந்து நாட்களிலேயே நாம் நின்றுவிட்டோம். ஆறாம் நாளை நமக்குக் காட்ட ஒரு கலைஞர் வேண்டும். கண்ணப்பன் படம் எனக்கு வேண்டியிருப்பது இதற்காகவே.

"அறிவியல் படிக்கிறவன் புராணத்துக்குக் கொடி பிடிப்பதா?" என்று நம் நண்பர் சிலர் கேட்பார்கள். கல்லின் கண்ணில் குருதி வருமா என்பது என் ஆய்வுப்பொருள் அன்று. இன்னொருவர் கண்ணில் குருதி வரக் கண்டபோது ஒரு மனிதன் என்ன செய்தான் என்பதே கதை. இறைவனை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் அந்தக் கேள்வி பொது.

"அப்படிப்பட்ட படம் ஓடுமா?" என்று வேறு சிலர் கேட்பார்கள். ஓடாமலும் போகலாம். ஆனால் கண்ணப்பனைப் பெரிய அளவில் எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. 1954இல் இராஜ்குமார் கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா'வாக வந்தார். 1976இல் பாபு இயக்கத்தில் கிருஷ்ணம் ராஜு தெலுங்கில் 'பக்த கண்ணப்பா' ஆனார். 2025இல் மற்றொன்றும் வந்துவிட்டது. அவையெல்லாம் தம் வழியில் மக்களை மகிழ்வித்தன. அவற்றுக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் இருக்கும் பந்தியில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன்.

எந்த மொழியில் எடுப்பது? இங்கேதான் எங்கள் விடுதிச் சொற்போர் மீண்டும் தலைதூக்கும். சேக்கிழார் தமிழில் பாடினார். ஆனால் அவர் சொல்லும் பொத்தப்பி இன்று ஆந்திரத்துக் கடப்பைப் பகுதியில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் தூர்ஜடி காளத்தியைத் தெலுங்கில் பாடினார். அவர் பாடிய வேடனும் இவனே. சித்தூர் மாவட்டம் 1911இல்தான் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகிக் காளத்தி அதில் சேர்ந்தது. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருக்க, பொன்முகலி மட்டும் சுவர்ணமுகி என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டு தன் போக்கில் ஓடுகிறது. ஆகவே திண்ணன் இரு மொழியும் கலந்து பேசட்டும். எங்கள் சித்தூர்த் தெருவில் பேசுவதைப் போலப் பேசட்டும். கலப்பு மொழி என்று இரு பக்கத்துப் புலவரும் சினப்பார்கள், சினக்கட்டும். பெரும்பகுதி அவன் பேசாமலே இருப்பதால் சிக்கலும் குறைவு.

யார் எடுப்பார்கள் என்பதே கடைசிக் கேள்வி. ஐதராபாத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ எவரேனும் வருவார் என்று நானும் சில காலம் காத்திருந்தேன். பிறகு வங்கத்துச் சத்யஜித் ரேயின் வரலாற்றைப் படித்தேன். 1955இல் வந்த 'பாதேர் பாஞ்சாலி' அவருக்கு முதற்படம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் திரைப்படக் கருவியைக் கையாண்டதே இல்லை. வயதோ நம் வயதுதான். பணம் தீர்ந்து படம் நின்றது. மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. இறுதியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து முடிக்க வைத்தது. நல்ல படத்துக்குப் பெருஞ்செல்வம் முதல் தேவையாக இருந்ததில்லை. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் தொலைபேசியே படமெடுக்கிறது.

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டம் ஒன்றில் பெரியபுராணத்துக் கண்ணப்பர் பகுதியையும், தூர்ஜடியின் தின்னடு கதையையும் அருகருகே வைத்துப் படிப்போம். தெலுங்கு நண்பர்களையும் அழைப்போம். இலக்கியத் துறையினர் பொருள் சொல்லட்டும், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். பிறகு ஆறாம் நாளை மட்டும், பத்து நிமிட அளவில், எழுதிப் பார்ப்போம். எழுதியதைத் தூக்கிக்கொண்டு பொன்முகலிக் கரைக்குப் போவோம். சரியாக வராது என்று எனக்கே தெரியும். முதற்பரிசோதனை எங்கள் ஆய்வுக்கூடத்திலும் சரியாக வருவதில்லை. அதற்காகக் குடுவையை உடைத்துவிடுவதில்லை.

பெரிய கலைஞர் ஒருவர் ஒரு நாள் இக்கதையை முழுமையாக எடுப்பார் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அவர் வரும்போது, இங்கே ஏற்கெனவே சிலர் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காணட்டும். என் அறைத் தோழரிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, ஒளிப்பதிவு நான்" என்றார். கண்ணப்பன் யாருடையவன் என்ற சொற்போர் அன்றோடு எங்கள் அறையில் முடிந்தது.